குழாய் வழியே பால்! குழந்தையின் வயிறு ஏற்க மறுத்தால் என்ன செய்வது?

பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யாரும் சொல்லிக் கொடுப்பது இல்லை. தாயின் மார்பில் வாயை வைத்ததும் அது தானே உறிஞ்சுகிறது. தானே விழுங்குகிறது. இடையிடையே மூச்சும் விடுகிறது.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இது முடிவது இல்லை.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறமை, கருவில் ஏறக்குறைய 34 வாரம் ஆன பிறகுதான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை பாலை உறிஞ்சினால், பால் வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு விழுங்கும் தசைகள் சொன்னபடி கேட்பது இல்லை. இருதயக் கோளாறு உள்ள சில குழந்தைகள், நாலு மடக்குப் பால் குடிப்பதற்குள் களைத்துப் போகின்றன. இன்னும் சிலருக்கு உணவுக்குழாயிலேயே பிறவிக் குறை இருக்கும்.

இந்தக் குழந்தைகளுக்கு எல்லாம் உயிர் காக்கும் வழி ஒன்று உண்டு. அதுதான் உணவு செலுத்தும் குழாய்!

மீன் தோலில் ஒரு குழாய்

குழாய் மூலம் உணவு கொடுப்பது புதிய யோசனை அல்ல.

1790-ம் ஆண்டில், லண்டனில் இருந்த புகழ்பெற்ற சத்திரசிகிச்சை டாக்டர் ஜான் ஹண்டரிடம், விழுங்க முடியாத நோயாளி ஒருவர் வந்தார். இப்போது இருப்பதுபோல மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் அப்போது ஏது?

ஹண்டர் விலாங்கு மீனின் தோலை எடுத்தார். வளையக்கூடிய திமிங்கிலத் தாடைத் தகட்டின் மேல் அதைப் போர்த்திக் குழாய் ஆக்கினார். அதை நோயாளியின் இரைப்பைவரை இறக்கி, முட்டை, பால், சர்க்கரை போன்றவற்றைக் கரைத்து ஊற்றினார்.

இன்று மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாய் மிகவும் மெல்லியது. சில நாட்களுக்கோ, சில வாரங்களுக்கோ உணவு கொடுக்க அது போதும்.

மாதக் கணக்கில், வருடக் கணக்கில் குழாய் தேவைப்பட்டால், வயிற்றில் சிறு துளை இட்டு இரைப்பைக்குள் நேராகக் குழாய் பொருத்துவார்கள். முன்பு இதற்காக வயிற்றைக் கீறி ஆபரேஷன் செய்ய வேண்டி இருந்தது.

1979-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி இந்த நிலை மாறியது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில், டாக்டர் மைக்கேல் காடரரும் டாக்டர் ஜெப்ரி பொன்ஸ்கியும் ஒரு புது முறையைக் கையாண்டார்கள். சரியாக உணவு உட்கொள்ள முடியாத நாலரை மாதக் குழந்தைக்கு அவர்கள் அந்தச் சிகிச்சையைச் செய்தார்கள்.

விளக்குப் பொருத்திய கருவி ஒன்றை வாய் வழியாக இரைப்பைக்குள் அனுப்பினார்கள். உள்ளே எரிந்த விளக்கின் வெளிச்சம் வயிற்றுத் தோலின் மேல் தெரிந்தது. அந்த இடத்தில் வெளியில் இருந்து ஊசி குத்தி ஒரு நூலை உள்ளே விட்டார்கள். நூலின் முனையை வாய் வழியாக வெளியே எடுத்து, அதில் குழாயைக் கட்டி, மறுபடியும் உள்ளே இழுத்தார்கள். குழாய் தானாகவே தன் இடத்தில் வந்து அமர்ந்தது. வயிற்றைப் பெரிதாகக் கீறவே இல்லை!

இன்று உலகம் எங்கும் இந்த முறை கையாளப்படுகிறது.

ஆக, உணவு போக வழி கிடைத்துவிட்டது. ஆனால் வயிறு அதை ஏற்றுக்கொள்ள வேண்டாமா?

பழி பாலின் மேல்!

குழாயில் உண்ணும் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு அடிக்கடி வரும் கவலை இதுதான். பால் உள்ளே போகிறது. சற்று நேரத்தில் குழந்தை ஓங்கரிக்கிறது. எதுக்களிக்கிறது. வாந்தி எடுக்கிறது. வயிறு உப்பிக்கொள்கிறது. சில குழந்தைகளுக்குப் பேதியாகிறது. சில குழந்தைகள் முகம் சிவக்க அழுகின்றன.

உடனே வீட்டில் இருக்கும் பாட்டி பதறுகிறாள். "பால் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிடு அம்மா!" என்கிறாள்.

தாயும் பயந்துபோய்ப் பாலை நிறுத்துகிறாள். அல்லது தண்ணீர் கலந்து கொடுக்கிறாள்.

இரண்டும் தவறு.

பாலை அடிக்கடி நிறுத்தினால் குழந்தை மெலிந்துவிடும். வளர்ச்சி குன்றும். மெலிந்த குழந்தையின் குடலும் பலவீனம் அடையும். பிறகு அது இன்னும் குறைவாகவே உணவை ஏற்கும்.

தண்ணீர் கலப்பது அதைவிட ஆபத்து. வயிறு நிறைந்தாலும் சத்து போய்ச் சேராது. கைக்குழந்தைகளுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்து கொடுத்தால், ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்புகூட வரலாம்.

வயிறு உணவை ஏற்கவில்லை என்றால், பால்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது. பாலின் வேகமா, அளவா, குழந்தை படுத்திருக்கும் விதமா, குழாய் இருக்கும் இடமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் இவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

அளந்து பார்த்ததால் வந்த தாமதம்

டாக்டர்களே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

குறைமாதக் குழந்தைகள் உள்ள வார்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் பால் கொடுப்பதற்கு முன்பு, நர்சு குழாயில் உறிஞ்சி, முந்தைய பாலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பார். மிச்சம் அதிகம் இருந்தால் அந்த வேளைப் பாலைக் குறைப்பார்கள். அல்லது நிறுத்துவார்கள்.

இது உண்மையில் உதவுகிறதா?

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2019-ம் ஆண்டு வெளியாயிற்று. 143 குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல மிச்சத்தை அளந்தார்கள். மறு பிரிவுக்கு அளக்கவில்லை.

அளக்காத பிரிவுக் குழந்தைகளுக்குப் பாலின் அளவை விரைவாகக் கூட்ட முடிந்தது. அந்தக் குழந்தைகள் முன்னதாகவே வீடு திரும்பின!

இரைப்பையில் சிறிது பால் மிச்சம் இருப்பது மட்டுமே நோய்க்கு அடையாளம் அல்ல என்பதை இது எடுத்துக் காட்டியது. வயிறு கல்போல உப்புவது, வாந்தி பச்சையாக இருப்பது போன்ற அடையாளங்களைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

முதல் கேள்வி: குழாய் எங்கே இருக்கிறது?

மூக்குக் குழாய் நகரக் கூடியது. இருமினாலும், வாந்தி எடுத்தாலும், குழந்தை கையால் இழுத்தாலும் அது மேலே ஏறிவிடும். நுனி உணவுக்குழாயில் நின்றால் பால் தொண்டைக்கு வரும். மூச்சுக்குழாயில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒவ்வொரு வேளையும் பால் ஊற்றுவதற்கு முன்பு இரண்டைப் பார்க்க வேண்டும்.

மூக்கின் ஓரத்தில் குழாயின் மேல் இட்ட அடையாளம், இட்ட இடத்திலேயே இருக்கிறதா?

சிரிஞ்சினால் சிறிது நீரை உறிஞ்சி, அமிலம் காட்டும் பி.எச். தாளில் ஒரு சொட்டு விட்டால், 5.5 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டுகிறதா? அப்படிக் காட்டினால் நுனி இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். காட்டாவிட்டால் பால் ஊற்றக்கூடாது. டாக்டரையோ நர்சையோ கேட்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

குழாயில் காற்றை அடித்து, வயிற்றில் 'புஸ்' என்று சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அதை நம்பக்கூடாது. நுனி நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம்! 2005-ம் ஆண்டிலேயே பிரிட்டனில் இந்த முறையைக் கைவிடும்படி எச்சரிக்கை விடுத்தார்கள்.

வேகம் கூடாது

வாயால் குடிக்கும் குழந்தை ஒரு வேளைப் பாலைக் குடிக்க 20 நிமிடம், அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. குழாயில் அதையே 5 நிமிடத்தில் தள்ளினால் வயிறு என்ன செய்யும்? திருப்பித்தான் அனுப்பும்.

சிரிஞ்சின் தண்டை அழுத்திப் பாலைத் தள்ளாமல் இருப்பது நல்லது. தண்டை எடுத்துவிட்டு, வெறும் சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, குழந்தையின் வயிற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் பால் தானாக இறங்கும். கையை உயர்த்தினால் வேகம் கூடும். தாழ்த்தினால் குறையும். குழந்தை ஓங்கரித்தால் கையைத் தாழ்த்தி, சற்று நிறுத்தி, பிறகு தொடரலாம்.

குழந்தை அழும்போது ஊற்றக்கூடாது. அழும் குழந்தை காற்றை விழுங்குகிறது. வயிறும் இறுகுகிறது. அழுகை அடங்கட்டும்.

பாலைக் குளிர்ச்சியாகவும் கொடுக்க வேண்டாம். குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்தால், குளிர் விட்ட பிறகு கொடுக்கலாம்.

தலை உயரட்டும்

மட்டமாகப் படுக்க வைத்துக் குழாயில் பால் ஊற்றுவது ஆபத்து. பால் மேலே எதுக்களித்துப் புரை ஏறும்.

தலையும் மார்பும் 30 முதல் 45 டிகிரிவரை சாய்வாக உயர்ந்திருக்க வேண்டும். மடியில் சாய்த்துப் பிடித்துக்கொள்ளலாம். பால் முடிந்த பிறகும் அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம்வரை அப்படியே இருக்கட்டும். கழுத்தின் கீழ் மட்டும் தலையணையை வைத்தால் வயிறு மடங்கும். முதுகு முழுவதும் சாய்வாக இருக்க வேண்டும்.

காற்றும் மலச்சிக்கலும்

வயிற்றில் காற்று நிறைந்திருந்தால் பாலுக்கு இடம் ஏது?

வயிற்றுக் குழாய் உள்ள குழந்தைக்கு, வெறும் சிரிஞ்சைக் குழாயில் மாட்டி உயரப் பிடித்தால் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். ஏப்பம் விடுவது போலத்தான் இது! பால் கொடுப்பதற்கு முன்பும், தேவைப்பட்டால் பின்பும் செய்யலாம். முறையை ஆஸ்பத்திரியில் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது மலச்சிக்கல். கீழ்வழி அடைத்துக்கொண்டால் மேலே போட்டது எப்படி இறங்கும்? நடமாட முடியாத குழந்தைகளுக்கு, முக்கியமாக மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, மலச்சிக்கல் அதிகம். மலச்சிக்கலைச் சரி செய்ததும் வாந்தி நின்றுபோன குழந்தைகள் உண்டு. டாக்டர் தரும் மருந்தும், அவர் சொல்லும் அளவு தண்ணீரும் இதற்கு உதவும்.

அளவைப் பிரித்துக் கொடுக்கலாம்

ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி வீதம் நாளைக்கு 5 வேளை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 மில்லி. அதையே 8 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 125 மில்லிதான். மொத்தம் குறையவில்லை. வயிற்றின் பாரம் குறைந்துவிட்டது!

இதுவும் போதாவிட்டால், பம்பு என்ற சிறிய மின்கருவி மூலம் சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் கொடுக்க டாக்டர் சொல்லலாம். இரைப்பையில் எதுவுமே தங்காத குழந்தைக்கு, குழாயின் நுனியைச் சிறுகுடல்வரை இறக்குவதும் உண்டு. அந்தக் குழாயில் ஒரேயடியாகப் பால் ஊற்றவே கூடாது. மெதுவாக, தொடர்ச்சியாகத்தான் கொடுக்க வேண்டும்.

பேதியானால்?

பேதியானாலும் உடனே பாலைப் பழிக்கக்கூடாது. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்படுகிறதா? அது பேதியை உண்டாக்கலாம்.

திரவ மருந்துகள் கொடுக்கப்படுகின்றனவா? அவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் 'சார்பிட்டால்' என்ற பொருள் குடலை இளக்கிவிடும்.

கை, சிரிஞ்சு, பாத்திரம் எல்லாம் சுத்தமா? கலந்து வைத்த பால் நெடுநேரம் வெளியே இருந்ததா? மாவுப்பால் கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும், ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும், டாக்டர் சொன்ன அளவு சுத்தமான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மருந்தைப் பாலில் கலக்கக்கூடாது. கலந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பால் உண்மையிலேயே குற்றவாளியானால்?

சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதமே ஆகாது. மலத்தில் ரத்தம், தோலில் தடிப்பு, ஓயாத வாந்தி ஆகியவை அதற்கு அடையாளங்கள். அப்போது டாக்டர் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த வேறு பாலுக்கு மாற்றுவார். வீட்டாரே மாவை மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லது அல்ல.

வேறு சில குழந்தைகளுக்கு எதுக்களிப்பைத் தடுக்க, இரைப்பையின் மேல் பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி இறுக்கி ஆபரேஷன் செய்வார்கள். அதன் பிறகு அந்தக் குழந்தைகளால் வாந்தி எடுக்க முடியாமல் போகலாம். ஏப்பமும் வராமல் போகலாம். ஆனால் ஓங்கரிப்பு மட்டும் சிலரை வாட்டும்.

இவர்களுக்கு என்ன வழி?

கிளீவ்லாந்து இருக்கும் அதே ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாவுப்பாலுக்குப் பதிலாக, வீட்டு உணவையே மைபோல அரைத்து வயிற்றுக் குழாயில் கொடுத்தார்கள். 2011-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. சோதனையில் சேர்ந்த 33 குழந்தைகளில் 24 பேருக்கு ஓங்கரிப்பு பாதியோ, அதற்கு மேலோ குறைந்தது. 19 குழந்தைகள் முன்பைவிட அதிகமாக வாயாலும் சாப்பிடத் தொடங்கின என்று பெற்றோர் கூறினார்கள்!

சோறும் பருப்பும் காய்கறியும் இப்படிக் குழாய் வழியே போகலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. மெல்லிய மூக்குக் குழாயில் அது அடைத்துக்கொள்ளும். சிறுகுடல் குழாய்க்கு அது ஆகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் கூடாது. சத்து குறையாமல் இருக்க, உணவியல் வல்லுநர் அளவு எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டரின் சம்மதம் இன்றித் தொடங்கக்கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது? அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் கொடுக்கப்பட்டது? குழந்தை எப்படிப் படுத்திருந்தது? வாந்தி எப்போது வந்தது? என்ன நிறம்? மலம், சிறுநீர் எத்தனை முறை? என்ன மருந்து? இவற்றைத் தினமும் எழுத வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்தால் சில நாள் அதையே பார்க்க வேண்டும். வேகம், அளவு, பால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் குணமானது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது!

'காலை வேளையில் மட்டும்தான் வாந்தி', 'மலம் போகாத நாளில்தான் வாந்தி' என்று அந்த நோட்டே காட்டிக் கொடுத்துவிடும். டாக்டருக்கு அது பெரிய உதவி. கூட்டெழுத்துத் தேவை இல்லை. நேரத்தையும் அளவையும் எழுதத் தெரிந்தால் போதும்.

எப்போது ஓட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும், பாலை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாந்தி பச்சை நிறமாக இருந்தால்.

வாந்தியிலோ, மலத்திலோ ரத்தம் கண்டால். வாந்தி காப்பித் தூள்போலக் கறுத்திருந்தாலும் அது ரத்தமாக இருக்கலாம்.

வயிறு உப்பிக் கடினமாகி, தொட்டாலே குழந்தை துடித்தால்.

பால் போகும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல் ஏற்பட்டால்.

காய்ச்சலோடு சோர்வு, நெடுநேரம் சிறுநீர் வராமை, எழுப்பியும் எழாத மயக்கம் இருந்தால்.

வயிற்றுக் குழாய் கழன்று விழுந்துவிட்டாலும் தாமதம் கூடாது. துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். புதிதாகத் துளை இட்ட முதல் சில வாரங்களில், குழாயை வீட்டிலேயே திரும்பச் செருகவே கூடாது.

வாயை மறக்க வேண்டாம்

குழாயில் உண்ணும் குழந்தைக்கும் நாக்கு உண்டு. ஆசை உண்டு.

குறைமாதக் குழந்தைக்குக் குழாயில் பால் இறங்கும்போது வாயில் சூப்பான் கொடுத்துச் சப்ப வைத்தால், பிறகு வாயால் குடிக்கப் பழகுவது எளிதாகிறது. வளர்ந்த குழந்தைக்கு, டாக்டர் அனுமதித்தால், நாக்கில் ஒரு துளி சுவை காட்டலாம். வாயால் சாப்பிடாவிட்டாலும் தினமும் பல் துலக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டார் சாப்பிடும்போது அந்தக் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சாப்பாட்டு நேரம் என்பது சிரிஞ்சும் பயமும் மட்டுமாக ஆகிவிடக்கூடாது.

சில குழந்தைகளுக்குக் குழாய் சில வாரம்தான். சிலருக்கு ஆயுள் முழுவதும். எப்படி ஆனாலும், வயிறு மறுக்கும்போது கோபமும் பதற்றமும் பயன் தராது. மெதுவாகக் கொடுத்து, கூர்ந்து பார்த்து, எழுதி வைத்து, டாக்டரிடம் சொல்லும் வீட்டில், குழந்தையின் எடை மெல்ல மெல்ல ஏறும். குழாய் வைத்தது அதற்காகத்தானே!